மலையகக் குடும்பத்தின் வேர் தேட பழைய இடவிளக்கப்படங்கள்: ஒரு முழுமையான வழிகாட்டி

"தாத்தா பிறந்தது மஸ்கெலியா பக்கம் ஏதோ ஒரு தோட்டம்." இந்த ஒரு வரிக்கு மேல் எதுவும் தெரியாத குடும்பங்கள் இலங்கை மலையகத்திலும் நீலகிரியிலும் ஏராளம். கோப்பிக் காலத்தில் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழகக் கிராமங்களிலிருந்து அந்த மலைகளுக்கு ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்கள் வெட்டித் திருத்திய நிலம் அவர்கள் பெயரில் ஒருபோதும் எழுதப்படவில்லை. எனவே பட்டா கிடையாது, காணி உறுதி கிடையாது, பாகப்பிரிவினைப் பத்திரம் கிடையாது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை இந்தியாவுக்குக் கப்பலேற்றியது.

நிலப்பத்திரம் இல்லாத இந்த மக்கள் வாழ்ந்த நிலம் மட்டும் அடி அடியாக அளந்து வரையப்பட்டிருக்கிறது. அளந்தவர்களின் அக்கறை நிலத்தின் மீதும் அதன் விளைச்சல் மீதும் இருந்தது. மேடு பள்ளம், ஆறு, பாதை, கட்டடம் எல்லாம் காட்டும் அந்த இடவிளக்கப்படத் தாள்களையே நாம் மனிதர்களைத் தேடிப் படிக்கலாம். படிக்க வேண்டும் என்றே சொல்வேன். பலரும் தோட்டத்தின் பெயரைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். பெயரைவிட அதைச் சுற்றியுள்ள பாதைகள்தாம் அதிகம் சொல்லும். எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்கு நடக்க முடிந்தது என்பது தெரிந்தால், யார் யாரோடு பெண் கொடுத்து பெண் எடுத்தார்கள், வேலை போனபோது எங்கே போனார்கள் என்பதை நெருங்கிவிடலாம்.

படி 1: வீட்டில் இருப்பதை முதலில் எடுங்கள்

வரைபடத்தைத் திறக்கும் முன் வீட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டு, இந்தியாவுக்குத் திரும்பியபோது மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, வேலையை விட்டபோது கிடைத்த பற்றுச்சீட்டு, சம்பளத் துண்டு, கல்யாணப் பத்திரிகை, தொழிற்சங்கச் சந்தா ரசீது என்று தோட்டத்தின் பெயர் அச்சாகியுள்ள எதையும் ஒதுக்காதீர்கள். சில வீடுகளில் சிறிய தகரத் துண்டு ஒன்று இருக்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளரைத் தமிழகத்திலிருந்து அனுப்பும்போது கையில் கொடுத்தது. மாவட்டத்துக்குரிய எழுத்தும் தோட்டத்தின் எண்ணும் அதில் குத்தப்பட்டிருக்கும். அது இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னும் பலருக்குத் தெரியாத புதையல் ஒன்று உண்டு. 1949-ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், 1946 ஜனவரி 1-க்கு முந்தைய ஆண்டுகளில் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. திருமணமானவர்களுக்கு 7 ஆண்டுகள், மற்றவர்களுக்கு 10 ஆண்டுகள். இந்த நிரூபணத்துக்காக எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் இருந்தோம் என்பதை அவர்கள் காட்ட வேண்டியதாயிற்று. சுமார் 2 லட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் போயின. உங்கள் குடும்பத்தின் விண்ணப்ப நகலோ அதற்கு வந்த பதில் கடிதமோ கிடைத்தால், வரைபடத்தில் குறிக்க வேண்டிய இடங்கள் வரிசையாக அதில் இருக்கக்கூடும். மக்களை அலைக்கழித்த ஒரு சட்டத்தின் தாள்கள் இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது மனத்தைக் கனக்கச் செய்கிறது.

படி 2: பெரியவர்களிடம் பெயரைக் கேட்காதீர்கள், வழியைக் கேளுங்கள்

"எந்தத் தோட்டம்?" என்று கேட்டால் ஒரு சொல்தான் கிடைக்கும். "ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) எப்படிப் போவீர்கள்? ஏற்றமா, இறக்கமா? ஆற்றைக் கடக்க வேண்டுமா? கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) மேலேயா, கீழேயா? ரயில் சத்தம் கேட்குமா? சாமான் வாங்க எந்த டவுனுக்கு நடப்பீர்கள், எவ்வளவு நேரம் ஆகும்? சிவனொளிபாத மலை எந்தப் பக்கம் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பதிலும் தாளில் தேடக்கூடிய ஓர் அடையாளம். மேட்டு லயம், பணிய (தாழ்ந்த) லயம் என்று அவர்கள் சாதாரணமாகச் சொல்வதே, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளைப் படிக்க உதவும் குறிப்பு.

சொல்வதை அப்படியே, அவர்கள் உச்சரிக்கும் விதத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நீங்களாகத் திருத்தி எழுதினால் அடுத்த படியில் சிக்கல் வரும். முடிந்தால் குரலையும் பதிவு செய்யுங்கள்.

படி 3: வாய்ப்பெயரைத் தாளின் பெயராக மாற்றுங்கள்

தோட்டங்களுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. துரைமார், அதாவது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர்கள், வைத்த பெயர் ஒன்று. பெரும்பாலும் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து ஊர்ப் பெயர்களோ சிங்கள ஊர்ப் பெயர்களோ. தொழிலாளர்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் மற்றொன்று. முதலில் காடு வெட்டிய துரையின் பெயரிலோ, மரம், பாறை, ஆறு போன்ற அடையாளத்திலோ அமைந்தது. வரைபடத்தில் முதல் வகைதான் அச்சாகும். பாட்டி சொல்வது இரண்டாவது வகையாக இருக்கலாம்.

இந்த இரண்டையும் இணைக்கும் பாலம் 1859 முதல் வெளிவந்த பெர்குசன் இலங்கைக் கைநூல். தோட்டங்களின் பெயர், ஏக்கர் அளவு, உரிமையாளர், துரை ஆகிய விவரங்களோடு, தோட்டங்களுக்கு மக்கள் வழங்கிய பெயர்களின் பட்டியலும் அதன் பதிப்புகளில் இடம்பெற்றது. தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் தாறுமாறாக எழுதப்பட்டிருக்கும். எனவே கண்ணால் தேடாமல் வாய்விட்டுப் படித்துத் தேடுங்கள். பழைய பதிப்புகள் பல இணைய நூலகங்களில் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் தாத்தா "தோட்டம்" என்று சொன்னது இன்றைக்கு வேறொரு பெரிய தோட்டத்தின் ஒரு பிரிவாக இருக்கலாம். கோப்பிக் காலத்துச் சிறு தோட்டங்கள் தேயிலைக் காலத்தில் கம்பெனிகளின் கையில் ஒன்றாகச் சேர்ந்தன. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் அரசுடைமையாயின. 1992-இல் மீண்டும் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் எல்லைகள் மாறியிருக்கக்கூடும். ஒரே பெயரில் மேற்கு, கிழக்கு என்று இரண்டு இருப்பதும் உண்டு; அக்கரப்பத்தனைப் பக்கம் டயகம இப்படித்தான். ஆகவே பெயர் பொருந்தியவுடன் முடிவு கட்டாமல், படி 2-இல் சேர்த்த குறிப்புகளில் குறைந்தது மூன்று பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

படி 4: சரியான காலத்துத் தாளைத் தேர்ந்தெடுங்கள்

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800-இல் தொடங்கப்பட்டது. குடும்ப வரலாற்றுக்கு மிக முக்கியமானது அது வெளியிட்ட ஓர் அங்குல வரைபடத் தொடர்: தாளில் ஓர் அங்குலம், தரையில் ஒரு மைல். மொத்தம் 72 தாள்கள். முழுத் தீவுக்குமான தொடர் 1924-இல் நிறைவடைந்தது. பிறகு பலமுறை திருத்தி அச்சிடப்பட்டது. மெட்ரிக் முறைக்கு மாறியபோது 1:50,000 அளவில் 92 தாள்கள் வந்தன. பள்ளியில் புவியியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும் இடவிளக்கப்படம் இதுதான். இவற்றுக்கும் முன்னால் ஜெனரல் பிரேசரின் 1862-ஆம் ஆண்டு இலங்கை வரைபடம் உண்டு. கோப்பிக் காலத்தை மேலோட்டமாகப் பார்க்க அது உதவும். லயத்தைத் தேட உதவாது.

தாளின் ஓரத்தில் அச்சான ஆண்டை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, அச்சிட்ட ஆண்டு மூன்றும் வேறு வேறு. பாதைகளை மட்டும் திருத்திவிட்டுக் கட்டடங்களைப் பழையபடியே விட்ட பதிப்புகளும் இருக்கலாம். ஓரக் குறிப்பு கிழிந்துபோன ஸ்கேன் என்றால் உள்ளே இருப்பதைக் கொண்டே காலம் கணிக்கலாம். ஹட்டனுக்கு ரயில் 1884-இல் வந்தது, நானுஓயாவுக்கு 1885-இல், பதுளைக்கு 1924-இல். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குப் போன குறுகிய ரயில் பாதை 1904-இல் முழுமை பெற்று 1940-களில் கைவிடப்பட்டது. அது ஓடும் பாதையாக வரையப்பட்டிருந்தால் உங்கள் கையில் இருப்பது அந்த இடைக்காலத்துத் தகவல். காசல்ரீ நீர்த்தேக்கம் 1965, மவுசாகலை 1969, கொத்மலை 1985. நீலநிறம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்தாலே காலம் தெரிந்துவிடும்.

குறைந்தது இரண்டு காலத்துத் தாள்களை எடுங்கள். தாத்தா வேலை செய்த காலத்துக்கு மிக நெருங்கிய பதிப்பு ஒன்று. இன்று போய்ச் சேர உதவும் 1:50,000 தாள் ஒன்று. ஒரே தாளை நம்பி எழுதும் குடும்ப வரலாறு நொண்டும்.

தாள்களைப் பெற கொழும்பில் உள்ள நில அளவைத் திணைக்களத்தின் வரைபட விற்பனைப் பிரிவையும் தேசிய சுவடிகள் திணைக்களத்தையும் அணுகலாம். இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் பழைய இலங்கை, இந்திய வரைபடங்கள் பெருமளவில் உள்ளன. தோட்டத்தின் தனி அளவைப் படம் தோட்ட அலுவலகத்தில் சுவரிலேயே தொங்கக்கூடும். ஒவ்வொரு மலையின் (தேயிலை நட்ட பகுதியின்) எண்ணும் அதில் இருக்கும். "ஏழாம் நம்பர் மலையில் அம்மா கொழுந்து எடுத்தாள்" என்ற நினைவுக்கு விடை அந்தப் படத்தில்தான் கிடைக்கும். மரியாதையாகக் கேட்டால் பார்க்க விடுகிற அதிகாரிகள் இருக்கிறார்கள்.

படி 5: தோட்டத்தைத் தாளில் படியுங்கள்

பொறுமையாக உட்கார வேண்டிய படி இது. முதலில் ஆற்றையும் ஓடைகளையும் விரலால் தொடருங்கள். தேயிலை ஸ்டோர் பெரும்பாலும் தண்ணீரும் வண்டிப் பாதையும் சேரும் இடத்தில் இருக்கும். துரை பங்களா அதற்கு மேலே, காற்றும் காட்சியும் கிடைக்கும் ஒரு மலைமுதுகில் இருக்கும். வளைந்து வளைந்து ஏறும் தனிப் பாதை அதைக் காட்டிக்கொடுக்கும். லயங்கள் பெயர் இல்லாத சிறு கறுப்புச் செவ்வகங்கள். பங்களாவுக்குப் பெயர் எழுதியவர்கள் நூற்றுக்கணக்கானோர் வாழ்ந்த லயத்துக்கு எழுதவில்லை. அந்தச் செவ்வகங்களுக்குப் பெயர் கொடுப்பதுதான் நம் வேலை.

சமவுயரக் கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சாய்வு குறைவு. கோடுகளின் வளைவு மேட்டுப் பக்கம் கூர்மையாக நுழைந்தால் அது பள்ளத்தாக்கு. பள்ளப் பக்கம் நீண்டால் மலைமுதுகு. பழைய தாளில் உயரம் அடியில், புதிய தாளில் மீட்டரில். பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீட்டர். பழைய தாளில் அது 8,200 அடிக்கு மேல் நிற்கும். பெரியவர் "பணிய லயம்" என்றால் ஸ்டோருக்கு அருகில் தாழ்ந்த கோட்டில் உள்ள செவ்வகங்களிலிருந்து தொடங்குங்கள்.

இனிப் பாதைகள். "அத்தை வீட்டுக்கு ஸ்டோருக்குக் கீழே பாலம் கடந்து ஒரு மணி நேரம் ஏறிப் போவோம்" என்று ஒரு பாட்டி சொல்வதாக வைத்துக்கொள்வோம். மலையில் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 2 மைல் என்று வையுங்கள். ஏற்றம் கடுமையாக இருந்தால் இன்னும் குறைவு. ஓர் அங்குலத் தாளில் அது இரண்டு அங்குலத்துக்குள் அடங்கும். ஸ்டோரைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே ஓடையைக் கடக்கும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து ஏறும் ஒற்றையடிப் பாதை எந்தத் தோட்டத்துக்குள் நுழைகிறது என்று பாருங்கள். வண்டிச் சாலை வழியாகப் பார்த்தால் தொலைதூரத்தில் இருக்கும் தோட்டம், குறுக்குப் பாதையில் பக்கத்து வீடாகிவிடும். அந்தத் தோட்டத்தின் பிறப்பு, இறப்புப் பதிவுகளிலும் கோயில் கணக்கிலும் உங்கள் உறவினர் பெயரைத் தேடுங்கள். நிர்வாக மாவட்டம் வேறாக இருப்பதால் யாரும் அங்கே தேடியிருக்க மாட்டார்கள். மலைமுதுகின் இந்தப் பக்கம் ஒரு மாவட்டம், அந்தப் பக்கம் வேறொன்று. ஆனால் கல்யாணங்களும் காவடிகளும் அதன் குறுக்கே போயின.

கங்காணி முறையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு பெரிய கங்காணி தன் ஊர், தன் சாதி, தன் உறவு என்று ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். அவர் வேறு தோட்டத்துக்கு மாறினால் அவரோடு ஒரு கூட்டமே மாறியது. எனவே குடும்பம் ஒரே ஆண்டில் காணாமல் போனதாகத் தோன்றினால், தனியாகப் போனார்கள் என்று நினைக்காமல் கங்காணியின் பெயரைத் தொடருங்கள்.

படி 6: தண்ணீருக்குள் போன இடங்கள்

பழைய மஸ்கெலியா டவுன் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் வெளியே தெரிவதும், மக்கள் போய்ப் பார்ப்பதும் வழக்கம். தாத்தா பிறந்த இடம் இப்படி மூழ்கிய இடமா என்பதை வீட்டிலிருந்தே சோதிக்கலாம். அசையாத நீரின் விளிம்பு எப்போதும் ஒரே உயரத்தில்தான் இருக்கும். அதாவது நிறைந்த நீர்த்தேக்கத்தின் கரையே ஒரு சமவுயரக் கோடு. புதிய தாளில் கரையை ஒட்டியுள்ள கோட்டின் உயரத்தைப் பாருங்கள். அதை அடிக்கு மாற்றி, பழைய தாளில் அதே உயரக் கோட்டைப் பென்சிலால் தொடர்ந்து போங்கள். கோட்டுக்குக் கீழே இருந்த லயம், பாலம், கடைத்தெரு, பாதை எல்லாம் நீருக்குள் போனவை. மேலே இருப்பவை நின்றிருக்க வாய்ப்புள்ளவை. கரைக்குள் பாதி மூழ்கிய தோட்டங்களில் மக்களை எந்தப் பிரிவுக்கு மாற்றினார்கள் என்பதை அங்குள்ள பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

படி 7: கணினியில் ஒன்றின்மேல் ஒன்று

இலவச வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ் (QGIS) போதும். ஸ்கேன் செய்த பழைய தாளைத் திறந்து, இன்றும் மாறாமல் இருக்கும் புள்ளிகளை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு பொருத்துங்கள். மலை உச்சி, இரண்டு ஓடைகள் சேரும் இடம், ரயில் நிலையம், கல் தேவாலயம் ஆகியவை நல்ல புள்ளிகள். சாலை வளைவுகளையும் நீர்த்தேக்கக் கரையையும் தவிருங்கள். தாளின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் புள்ளிகள் பரவியிருக்க வேண்டும். பழைய இலங்கை வரைபடங்கள் கண்டவல என்ற அளவை ஆதாரத்தில் அமைந்தவை. மென்பொருளில் அதன் இலங்கைக் கட்டத்துக்கு உரிய குறியீட்டு எண் இ.பி.எஸ்.ஜி (EPSG) 5234, புதிய இலங்கைக் கட்டத்துக்கு 5235. தாளில் அச்சான கட்டக் கோடுகள் இதோடு ஒத்துப்போகாவிட்டால் மேற்சொன்ன புள்ளிகளையே நம்புங்கள்.

இது முடிந்ததும் பழைய தாளைப் பாதி ஒளிபுகுமாறு வைத்தால், செவ்வகம் இருந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று நேராகத் தெரியும். சில இடங்களில் அதே லயம் அதே கூரையோடு நிற்பதைக் காண்பீர்கள். நூறாண்டாக ஒரே அறையில் மக்கள் வாழவேண்டியிருப்பதன் அத்தாட்சி அது.

படி 8: கடலைத் தாண்டி, சொந்த ஊருக்கு

குடும்பம் வந்த காலம் தெரிந்தால் வழியை ஊகிக்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் காட்டுப் பாதையில் நடந்தார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம். அந்தப் பாதை மூடப்பட்ட பிறகு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914-க்குப் பிறகு தனுஷ்கோடி–தலைமன்னார்.

ஆவணத்தில் ஊர்ப்பெயர் இருந்தால் இந்திய நில அளவைத் துறையின் பழைய ஓர் அங்குலத் தாள்களுக்குப் போகலாம். எண் முறை எளிது. 58 என்ற எண் கிழக்கு 76 முதல் 80 பாகை, வடக்கு 8 முதல் 12 பாகை வரை. அது ஒரு பாகைக் கட்டங்களாக ஆங்கில எழுத்து வரிசையில் 16 ஆகப் பிரியும். ஒவ்வொன்றும் மீண்டும் 16 தாள்கள். துறையூரும் நாமக்கல்லும் 58 ஐ (I) கட்டத்தில்; சற்றுத் தெற்கே உள்ள முசிறி 58 ஜே-யில் (J). பஹார் என்ற இணையத் தொகுப்பில் பழைய இந்தியத் தாள்கள் பல கிடைக்கின்றன. டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் 1950-களின் அமெரிக்க இராணுவ வரைபடங்களை 1:250,000 அளவில் இலவசமாகத் தருகிறது.

புதுப்பட்டியும் புதூரும் எங்கும் உண்டு என்பதால் தாலுகா இல்லாமல் ஊரை முடிவுசெய்யாதீர்கள். பழைய தாலுகாவை இன்றைய மாவட்டத்தில் தேடவும் கூடாது. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். நாமக்கல் 1997-இல்தான் தனி மாவட்டமானது. குலதெய்வம், ஏரி, ஆறு, பக்கத்துச் சந்தை ஆகியவற்றைக் குடும்ப நினைவிலிருந்து எடுத்துத் தாளில் பொருத்துங்கள். மலையகத்தில் எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள் என்பது இங்கே பெரிய துப்பு. ஊர்ச்சாமியின் பெயரையே பல குடும்பங்கள் லயத்துக்குக் கொண்டுபோயின.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர்களுக்கு இன்னொரு மலை காத்திருந்தது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர், வால்பாறைப் பகுதிகளில் டான்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலை நிறுவனத்தின் தோட்டங்களில் அவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். நீலகிரியை 58 ஏ தாள்களில் பாருங்கள். இன்று தேயிலையாக இருக்கும் பல சரிவுகள் பழைய பதிப்பில் காடு. அந்தக் காட்டில் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் வாழ்ந்தார்கள். அவர்களின் குடியிருப்புகள் பல தாளில் ஏறவே இல்லை. தாள் வெறுமையாக இருப்பதால் அங்கு ஆளே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

படி 9: எழுதி வையுங்கள், பிறகு போய்ப் பாருங்கள்

ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள்: குடும்பத்தார் சொன்னது, தாள் காட்டுவது, ஆவணம் சொல்வது. மூன்றும் பொருந்தினால் உறுதி, இரண்டு பொருந்தினால் பெரும்பாலும், ஒன்று மட்டும் என்றால் ஊகம். இந்தக் குறியை ஒவ்வொரு வரிக்கும் போடுங்கள். எந்தத் தாள், எந்தப் பதிப்பு, எந்தக் கட்டம் என்பதையும் எழுதாவிட்டால் அடுத்த தலைமுறை மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டிவரும்.

நேரில் போகும்போது தாளின் பெரிதாக்கிய அச்சு நகல் ஒன்றைக் கொண்டுபோங்கள். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுவிட்டு, லயத்து இஸ்தோப்பில் (திண்ணையில்) உட்கார்ந்து பெரியவர்கள் முன்னால் அதை விரியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட ஆற்றையும் பாதையையும் சொன்னால் விரல் வைத்து இடத்தைக் காட்டுவார்கள். சுடுகாடு, பழைய கோயில், இடிந்த லயத்தின் அத்திவாரம், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் ஆகியவற்றை அவர்கள் சொல்லச் சொல்லக் குறியுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயர், அடையாள எண், முகவரி எதையும் இணையத்தில் போடும் படத்தில் சேர்க்காதீர்கள்.

முடித்த படத்தின் ஒரு நகலை அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கோ கோயில் குழுவுக்கோ கொடுங்கள். இன்னொன்றை இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் எண்ணிம நூலகத்துக்கு அனுப்புங்கள். அதே தோட்டத்தைத் தேடும் இன்னொரு குடும்பம் நிச்சயம் இருக்கும். அவர்களிடம் இருக்கும் பற்றுச்சீட்டு உங்கள் நோட்டில் காலியாக இருக்கும் மூன்றாவது பத்தியை நிரப்பக்கூடும்.